என் மச்சினன் போட்ட முடிச்சு

முப்பத்து நான்கு வயதுவரை என் மச்சினன் எதையும் முடித்ததில்லை. பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டான். கிடார் வாங்கி இரண்டு பாட்டோடு நிறுத்தினான். தேனீ வளர்த்தான், தேனீக்களே அவனை விட்டுப் போய்விட்டன. கல்யாணமும் பேச்சளவில் நின்றது. ஆரம்ப சூரத்தனம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை இவனைப் பார்த்துத்தான் யாரோ உண்டாக்கியிருக்க வேண்டும் என்று அவன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வேன். அவளுக்குக் கோபம் வரும். அதற்காகத்தான் சொல்வேன்.

"உங்க ஆபீஸ்ல ஏதாவது ஒரு மூலைல அவனை உட்கார வைங்களேன்" என்று அவள் ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஆபீஸில் இருந்ததே நான்கு மூலைதான். ஒன்றில் தூசி புகாத பிளாஸ்டிக் கூடாரம், ஒன்றில் சூடும் குளிரும் கொடுத்துப் பார்க்கும் சோதனைப் பெட்டி, ஒன்றில் டீச்சர், ஒன்றில் நான். டீச்சர்தான் முதலாளி. இருபது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஒரு நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, குட்டிச் செயற்கைக்கோள்கள் செய்யும் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இரண்டாம் மாடி. கீழே பல்லைக் குடைவார்கள், மேலே நாங்கள் அலுமினியத்தைக் குடைவோம். சில நாள் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்கே தெரியாது.

"கை நிதானமா இருக்கிற ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க" என்று ஒரு நாள் டீச்சர் கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "என் மச்சினன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட நிதானத்தைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் மறுநாளே அவனை வரச் சொல்லிவிட்டார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது அரைச் சாண் பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து சென்டிமீட்டர். எடை ஒன்றேகால் கிலோ. ஆபீஸில் அதற்குப் பெயர் குட்டி. ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றங்கரைகளில் நட்டுவைத்த நீர்மட்டக் கருவிகள் சொல்வதைக் கேட்டு, அதைக் கீழே எங்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்பதற்கும் சொல்வதற்கும் ஆன்டெனா வேண்டும். ஆன்டெனாவோ பெட்டியைவிட நீளம். ராக்கெட்டில் போகும்போது நீட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஆகவே தச்சர் வைத்திருக்கும் எஃகு டேப் போன்ற நான்கு பட்டைகளைப் பெட்டியைச் சுற்றி மடித்து, மீன்பிடி நைலான் நரம்பால் கட்டிவிடுவோம். மேலே போனதும் ராக்கெட் குட்டியை வெளியே தள்ளும். சரியாக முப்பது நிமிடம் கழித்து, நரம்புக்கு அடியில் இருக்கும் சின்னக் கம்பி சூடாகும். நரம்பு உருகி அறும். பட்டைகள் சடக்கென்று விரியும். அதற்கு அப்புறம்தான் குட்டிக்குக் காதும் வாயும். விரியாவிட்டால் கல்லும் அதுவும் ஒன்று.

அந்த நரம்பைக் கட்டுகிற வேலை என் மச்சினனுக்கு வந்தது. கட்டு தளர்ந்தால் ராக்கெட்டின் உதறலில் அவிழும். இறுகினால் குளிரில் நரம்பு வெட்டுப்படும். முடிச்சு ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் சூடு எட்டாது. தலையில் தொப்பி, வாயில் முகமூடி, கையில் இரண்டு இடுக்கி. கூடாரத்துக்குள் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து கட்டுவான். முதல் முப்பது கட்டு சொதப்பல். அப்புறம் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினான். ஆபீஸில் அவன் பெயரே முடிச்சு என்று ஆகிவிட்டது. கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பான்.

இரண்டு வருடத்தில் ஆள் மாறிப்போனான். மாதம் தவறாமல் முடி வெட்டிக்கொண்டான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் தொண்டையைச் செருமுவான். இப்போது "சாட்டிலைட்" என்றான். என் மனைவி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் குட்டி மேலே போய் ஒரு வார்த்தை பேசிட்டாப் போதுங்க. என் தம்பி வாழ்க்கைல ஒண்ணை முடிச்சவன் ஆயிடுவான். அப்புறம் அவனை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." யாரும் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. கெட்டவன் என்பதால் அல்ல. அவன் பக்கத்தில் நின்றால் என் வேலை ஓடாது. குட்டியின் மென்பொருள் முழுக்க நான் எழுதியது. எழுதியதைச் சோதிக்க ஒரு நாளைக்குப் பத்து முறை அதை அணைத்துப் போட வேண்டும். போட்ட முப்பதாவது நிமிடம், தான் விண்வெளியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அது நரம்பைச் சுட்டுவிடும். பட்டை விரிந்து மேசையில் இருப்பதையெல்லாம் தட்டிவிடும். ஒரு முறை என் மூக்குக்கண்ணாடி போயிற்று. உடனே மச்சினன் வந்து நிற்பான். "பரவாயில்லை மாமா, நான் கட்டிடறேன்." நாற்பது நிமிடம். கட்டும்போது ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பான், அதில் பாதிதான் அவனுக்குத் தெரியும். "மாமா, இப்ப எதுக்கு இதை அணைச்சுப் போட்டீங்க?" என்று ஆரம்பித்து இருபது கேள்வி கேட்பான்.

அவன் வராமல் இருக்க ஒரு வழி செய்தேன். குட்டியை அணைத்தாலும் அழியாத அதன் நினைவகத்தில் ஓர் இடத்தில் ஒன்று என்று எழுதிவிட்டால், தான் மேசைமேல் இருப்பதாக அது புரிந்துகொள்ளும். நரம்பைச் சுடாது, ரேடியோவிலும் வாய் திறக்காது. சுழியம் என்று எழுதினால் பழையபடி. மேசை முறை என்று அதற்குப் பெயர் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டீச்சர் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார். மச்சினன் இன்னும் இருபது கேள்வி கேட்பான். பல மாதம் எனக்கு நிம்மதி.

கடைசி ஒத்திகையின்போது மேசை முறையை எடுத்துவிட்டுத்தான் குட்டியை இயக்கினேன். எல்லாரும் சுற்றி நின்றோம். முப்பதாவது நிமிடம் பட்டைகள் விரிந்தன. டீச்சர் கைதட்டினார். மச்சினன் முகமூடிக்குள் அழுதான் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சினான். பிறகு உட்கார்ந்து கடைசிக் கட்டைக் கட்டினான். நோட்டில் அது இருநூற்றுப் பதின்மூன்று. டீச்சர் அந்த முடிச்சைப் போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டினார்.

மறுநாள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வேலை என்னுடையது. சார்ஜ் ஏற மூன்று மணி நேரம் ஆகும், கேபிளைச் செருகினால் குட்டி விழித்துக்கொள்ளும். முப்பதாவது நிமிடம் நரம்பைச் சுட்டுவிடக் கூடாதே என்று மேசை முறையைப் போட்டேன். அதில் தப்பில்லை. முடிந்ததும் எடுக்க வேண்டும். சார்ஜ் முடிகிற நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "மாமா, உதவிக்கு வரட்டுமா?" வந்தால் அரை மணி நேரம் போச்சு. கேபிளைப் பிடுங்கினேன். மின்சாரத்தைத் துண்டிக்கும் முள்ளைச் செருகினேன். அவன் கதவைத் திறந்தபோது நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். 'மென்பொருளில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்ற வரிக்கு எதிரே என் கையெழுத்து. நூறு முறை போட்ட கையெழுத்து. கை அதன் பாட்டுக்குப் போட்டது.

நான்கு நாள் கழித்து டீச்சரும் மச்சினனும் நானும் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் ஒப்படைத்தோம். பல கம்பெனிகளின் செயற்கைக்கோள்களை வாங்கி, சுருள்வில் வைத்த பெட்டிகளில் அடைத்து, ராக்கெட்டில் பூட்டிக் கொடுப்பதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறார். எங்களுக்கு அவர் பெட்டிக்காரர். குட்டியை உள்ளே தள்ளி, முள்ளை உருவி மச்சினன் கையில் கொடுத்து, மூடியைப் பூட்டி, முத்திரை வைத்தார். பெட்டிக்குள் அழுந்தி இருக்கும்வரை குட்டி விழிக்காது, வெளியே தள்ளினால்தான் விழிக்கும்.

அதற்கு எட்டாம் நாள் என் மனைவி ஆபீஸுக்கு வந்தாள். தம்பி என்னதான் செய்தான் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். அச்சு அசலாகக் குட்டியைப் போலவே இன்னொன்றைச் சோதனைக்காக ஆபீஸிலேயே வைத்திருந்தோம். அதற்குத் தங்கச்சி என்று பெயர். மச்சினன் அதை மேசை நடுவில் வைத்து, இயக்கிவிட்டு, அக்காவுக்கு நாற்காலி போட்டான். முப்பது நிமிடம் பேசினான். டீ வந்தது. முப்பது ஆயிற்று. முப்பத்தைந்து ஆயிற்று. தங்கச்சி அசையவில்லை.

மச்சினனின் முகம் வெளுத்தது. "என் கட்டுதான் மாமா. ஏதோ தப்பு பண்ணிட்டேன்" என்றான். நான் என் கணினிப் பக்கம் போனேன். தங்கச்சியில் மேசை முறை போட்டபடியே இருந்தது. எடுத்தேன். "கட்டு இல்லைடா, வயர் லூஸு" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியை மறுபடி இயக்கினேன். இன்னொரு முப்பது நிமிடம். சடக்கென்று விரிந்தது. என் மனைவி சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். அவள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சார்ஜ் ஏற்றிய நாளும் செருப்புச் சத்தமும் பிடுங்கிய கேபிளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. குட்டியில் நான் அதை எடுக்கவே இல்லை. டீ ஆறிப்போச்சே என்றாள் அவள்.

மறுநாள் மொட்டை மாடிக்குப் போய்ப் பெட்டிக்காரருக்குப் போன் செய்தேன்.

"சும்மா ஒரு சந்தேகம் சார். ஒருவேளை ஒருத்தர் மூடியைத் திறக்கணும்னா என்ன வழி?"

"எந்த ஒருத்தர்?"

"பொதுவாக் கேக்கறேன்."

"பொதுவாச் சொல்றேன், முடியாது. உங்க பெட்டியோட சேர்த்து ஒன்பது பெட்டி ராக்கெட்ல பூட்டியாச்சு. ஒண்ணைத் தொட்டா மொத்தத்தையும் மறுபடி உலுக்கிச் சோதிக்கணும். மத்த எட்டுப் பேரும் எழுத்துல சம்மதிக்கணும். ஒருத்தர் சம்மதிக்க மாட்டார்."

"எடுத்துட்டு அடுத்த ராக்கெட்ல அனுப்பினா?"

"எடுத்துட்டு அதே எடைக்கு ஒரு அலுமினியக் கட்டியை வெச்சு அனுப்புவோம். அதுக்கும் போன வெள்ளிக்கிழமையோட கெடு முடிஞ்சுது. விட்ட அம்புன்னு நினைச்சுக்குங்க சார். உங்களுதுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லை இல்லை" என்றேன். எப்படியும் ஒரு அலுமினியக் கட்டிதான் போகப்போகிறது என்று சொல்லத் தோன்றியது. வைத்துவிட்டேன்.

அன்றைக்கே டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். கீழே இறங்கிப் போனேன். அவர் ஏவுதல் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மச்சினன் அடுத்த செயற்கைக்கோளுக்குப் பட்டை வெட்டிக்கொண்டிருந்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது, திறக்கவா முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயம் மாதிரிதான் இருந்தது. உண்மையில் பயம். அடுத்தவர் ஓர் எழுத்துத் தப்பாக அடித்தால் ஆபீஸையே கூட்டி வைத்து வகுப்பு எடுக்கிறவன் நான். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை என்று மச்சினன் முகத்துக்கு எதிரே பலமுறை சொன்னவன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. விண்வெளியில் எங்கிருந்தோ வரும் துகள் ஒன்று நினைவகத்தில் பட்டால், ஒன்று சுழியமாக மாறுவது உண்டு. எங்கள் தொழிலில் எல்லாரும் பயப்படும் விஷயம் அது. அது நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அப்படி நடந்துவிடக் கூடாது என்றுதான் முக்கியமானவற்றையெல்லாம் மூன்று இடத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒன்று மாறினாலும் மற்ற இரண்டும் பேசி அதைத் திருத்திவிடும். மேசை முறையையும் அப்படியே எழுதியிருந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதற்கு மூன்று நகல் எடுத்து வைத்திருந்தேன்.

ராக்கெட் போன அன்று பல் டாக்டர்கூட முகமூடியோடு மேலே வந்து பார்த்தார். குட்டி பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் ஆபீஸே குதித்தது. மச்சினன் என்னைக் கட்டிப்பிடித்தான். "முப்பது நிமிஷம் மாமா, இன்னும் முப்பதே நிமிஷம்" என்றான். அவன் தோளுக்கு மேலே சுவரில் இருந்த முடிச்சின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குக் குட்டி எங்கள் தலைக்கு மேலே போக வேண்டும். மொட்டை மாடி ஆன்டெனா திரும்பியது. மச்சினன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பதினொரு நிமிடம். இரைச்சல்தான். பதினொன்றே காலுக்கு இன்னொரு முறை. இரைச்சல். "முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் டீச்சர். இரண்டாம் நாள், மூன்றாம் நாள். அதே பெட்டி வரிசையில் போன மற்ற எட்டும் பேச ஆரம்பித்துவிட்டன. வேறு வேறு நாடுகளில் வீட்டுக் கூரையில் ஆன்டெனா வைத்துக் கேட்கும் ஆர்வலர்கள் எங்களுக்கு எழுதினார்கள்: உங்களுடையதைத் தேடுகிறோம், கிடைக்கவில்லை, வருந்துகிறோம். ராடாரில் மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் பதினைந்து முறை பூமியைச் சுற்றிக்கொண்டு, தான் எங்கள் மேசைமேல் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் டீச்சர் எல்லாரையும் உட்கார வைத்து, பலகையில் காரணங்களை எழுதினார். பேட்டரி, மின்சுற்றுப் பலகை, ரேடியோ, மென்பொருள், ஆன்டெனா. மென்பொருள் என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். வாய் வரைக்கும் வந்தது. "ஒத்திகைல ஓடின அதே மென்பொருள்தானே" என்று அவரே சொல்லி அதை அடித்துவிட்டார். சார்ஜ் ஏற்றியதை விட்டால், ஒத்திகைக்கு அப்புறம் புதிதாகச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். எல்லாருடைய கண்ணும் சுவரில் இருந்த போட்டோவுக்குப் போயிற்று.

"முடிச்சுதான் டீச்சர்" என்றான் மச்சினன்.

அன்றிலிருந்து அவன் கூடாரத்தைவிட்டு வெளியே வரவில்லை. தங்கச்சியில் கட்டுவான், சோதனைப் பெட்டியில் வைத்து உறையவிடுவான், சுடுவான், விரியும். மறுபடி கட்டுவான். மூன்று வாரத்தில் எழுபது கட்டு. எழுபதும் விரிந்தன. முணுமுணுப்பது நின்றுவிட்டது. அந்தப் பாதி மெட்டைக் கேட்க மாட்டோமா என்று நான் ஏங்குகிற நிலைமை வந்தது. ஒரு மத்தியானம் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டான்: "ஒவ்வொரு தடவையும் விரியுதே மாமா. அப்ப அந்த ஒரே ஒரு தடவை மட்டும் நான் என்ன பண்ணினேன்?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அதுவரை வெறும் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலையை விடப்போவதாக டீச்சரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். முடி காது வரை வளர்ந்திருந்தது. என் மனைவி அவனுக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "இனிமே இவன் எதையும் தொட மாட்டான். எனக்குத் தெரியும்." அவன் ஆமாம் என்று தலையாட்டினான். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"முடிச்சு இல்லைடா. நான்தான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேசை முறை, மூன்று நகல், சார்ஜ், கேபிள், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல மனதின் பாரம் இறங்கியது. இருவரும் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்கள்.

"ஒத்திகைல விரிஞ்சுதே மாமா" என்றான் மச்சினன். "எல்லாரும் பார்த்தோமே."

"அப்ப எடுத்திருந்தேன். மறுநாள் சார்ஜ் ஏத்தும்போது மறுபடி போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

"நான் உள்ளே வந்தப்ப நீங்க ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு இருந்தீங்க. எந்த மாத்தமும் பண்ணலைன்னு."

"படிக்காமப் போட்டேன்."

"நீங்களா?" அவன் சிரித்தே விட்டான். ஒரு மாதத்தில் அவன் முதல் சிரிப்பு. "மாமா, நீங்க பால் பாக்கெட்ல எழுதியிருக்கிறதைக்கூடப் படிக்காமக் குடிக்க மாட்டீங்க."

"அன்னிக்கு உங்க அக்கா வந்தப்ப தங்கச்சி விரியலையே, ஞாபகம் இருக்கா? அதுவும் இதுனாலதான்."

"வயர் லூஸுன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

"அப்ப பொய் சொன்னீங்களா, இப்பப் பொய் சொல்றீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. கோபமாகக் கேட்கவில்லை. அவ்வளவு மென்மையாக அவள் என்னிடம் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"சத்தியமாச் சொல்றேன். வேணும்னா பெட்டிக்காரருக்குப் போன் போட்டுக் கேளுங்க. மூடியைத் திறக்க முடியுமான்னு அவர்கிட்டக் கெஞ்சியிருக்கேன்."

மச்சினன் நிமிர்ந்தான். "எப்ப?"

"தங்கச்சி விரியாம நின்ன மறுநாள்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று. "அப்ப, அன்னிக்கே உங்களுக்கு என் கட்டு மேல சந்தேகம் வந்திருக்கு" என்றான். "சொன்னா நான் உடைஞ்சு போயிடுவேன்னு வயர் லூஸுன்னு சொல்லிட்டு, நீங்க மட்டும் தனியாப் போன் பண்ணிப் பார்த்திருக்கீங்க. இல்லையா மாமா?"

"டேய், இல்லைடா!"

"இத்தனை நாள் மனசுல வெச்சுக்கிட்டே இருந்தீங்களா?"

கத்தினேன். மேசையைத் தட்டினேன். மடிக்கணினியைக் கொண்டுவந்து நான் எழுதிய வரிகளைக் காட்டினேன். இது இருக்கிறது என்பது தெரிகிறது, அன்றைக்குப் போட்டது எங்கே தெரிகிறது என்று அவன் பொறுமையாகக் கேட்டான். எங்கும் தெரியாது. சார்ஜ் ஏற்றிய நாளின் பதிவை நான் சேமிக்கவில்லை. அது இருக்கிற ஒரே இடம் ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதுவும் பேசாது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தள்ளி வைத்த தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க முதல்ல" என்றாள்.

திங்கட்கிழமை டீச்சரிடம் போனேன். அக்கா தம்பி இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே அவரிடம் பேசியிருந்தார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் நான்கைந்து கேள்வியும் கேட்டார், அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு அந்தப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நடந்திருக்கலாம். இல்லைன்னு சொல்லலை" என்றார். "அறிக்கைல இதையும் ஒரு காரணமாப் போட்டுடறேன். அந்தப் பையனுக்கு ஆறுதலா இருக்கட்டும். ஆனா எட்டு வருஷமா உங்களோட வேலை செய்யறேன். உங்க கையெழுத்து எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும்."

"டீச்சர், இந்த ஒரு கையெழுத்து பொய்."

"சரி" என்றார். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "மச்சினனுக்காக இவ்வளவு தூரம் வர்ற மனுஷரைப் பார்த்ததில்லை. நான் உங்களைத் தப்பா நினைச்சிருந்தேன், மன்னிச்சுக்குங்க."

மாதக் கடைசியில் மச்சினன் கிளம்பினான். வேறு ஊரில் ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. "அங்க எதையும் கட்ட வேண்டியதில்லை மாமா, யாரோ கட்டிக் கொடுத்துடுவாங்க" என்றான். பஸ் நிறுத்தம் வரை நான் அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. பஸ் வர நேரமாயிற்று. கடைசியாக ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். எனக்கு அவனைப் பிடிக்காது என்றும், அவன் வந்து பக்கத்தில் நிற்கக் கூடாது என்றுதான் அதைச் செய்தேன் என்றும், அவன் கட்டில் எந்தக் குறையும் இல்லை என்றும், இந்த நிமிடம் அந்த முடிச்சு அவன் கட்டியபடியே மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னேன். பிடிக்காது என்பதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அதுதான் கெடுத்தது.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இத்தனை வருஷம் உங்களை எவ்வளவு தப்பா நினைச்சிருக்கேன் மாமா" என்றான்.

"நான் நல்லவன் இல்லைடா."

"நல்லவங்க அப்படித்தான் சொல்வாங்க."

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எனக்குக் கை காட்டினான். நானும் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கதவைத் திறந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்து, "அவன் கடைசி வரைக்கும் நம்பலைதானே? பரவாயில்லைங்க, நீங்க சொன்னீங்களே, அது போதும் எனக்கு" என்றாள்.